சூடானதும் நின்றுபோகும் 1984 புல்லட்: காயில் போச்சா, வேறு ஏதாவதா?

#1 காரைக்குடிக்காரன்

வணக்கம். அப்பாவின் 1984 புல்லட் 350 இப்போது என் கையில். காலையில் இரண்டாவது கிக்கில் பிடித்துவிடுகிறது, ஓட்டமும் அருமை. பிள்ளையார்பட்டி விலக்கைத் தாண்டும்போது லேசாக முக்க ஆரம்பிக்கும். திருப்பத்தூர் போவதற்குள் இரண்டு முறை படபடவென்று வெடித்துவிட்டு அப்படியே அடங்கிவிடும். அதன்பின் எத்தனை உதை உதைத்தாலும் அசைவதில்லை. புளியமரத்தடியில் இருபது நிமிடம் நிறுத்தி வைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்புகிறது. இந்த மாதம் இதுவே மூன்றாவது தடவை.

பிளக், பிளக் கேப், கண்டென்சர் மூன்றும் புதிது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) மட்டும் மாதம் ஒருமுறை கருகிப்போகிறது. மெக்கானிக், பிளக்குக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலைக் காட்டி, "காயில்தான் தம்பி" என்கிறார். புல்லட் காயில் எதற்கு, சிடிஐ வண்டியின் (பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டி) காயில் ஒன்று போட்டுவிடலாம், விலையும் குறைவு, தீப்பொறியும் பலமாக வரும் என்று சொல்கிறார். போடலாமா?

#2 ஈரோட்டு டூ-ஸ்ட்ரோக்

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைப் பாருங்கள். மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருந்தால் இதே கதைதான். டேங்கில் வெற்றிடம் உருவாகி பெட்ரோல் இறங்காது, வண்டி நிற்கும். கொஞ்ச நேரத்தில் காற்று மெதுவாகப் புகுந்து சரியாகிவிடும். நாம் "சூடு ஆறிவிட்டது" என்று நினைத்துக்கொள்வோம். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து உடனே உதைத்துப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

#3 காரைக்குடிக்காரன்

அண்ணே, அதையும் பார்த்துவிட்டேன். மூடியைத் திறந்து வைத்து உதைத்தேன், பலனில்லை. கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்திலும் பெட்ரோல் இருந்தது.

#4 மீட்டர் மாமா

தம்பி, காயில் வாங்குவது இருக்கட்டும். வண்டி நின்ற அந்த நிமிடத்தில் தீப்பொறி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? காலையில் வீட்டு வாசலில் பார்ப்பதால் பயனில்லை, நோய் வரும்போதுதான் நாடி பார்க்க வேண்டும். பழைய பிளக் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நின்றதும் கேப்பை அதில் மாட்டி, பிளக்கின் உலோக உடல் இன்ஜின் ஹெட்டின் துடுப்பில் நன்றாகத் தொட்டிருக்கும்படி வைத்து உதைத்துப் பாருங்கள். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் வேண்டாம். காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) வயரை எதிலும் தொடாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு மட்டும் உதைக்காதீர்கள். வெளியே போக வழியில்லாத மின்சாரம் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனைத் துளைத்து வழி தேடும். நல்ல காயிலையும் சாகடிக்கும் பழக்கம் அது.

சிடிஐ காயில் விஷயத்துக்கு ஒரே பதில்: போடாதீர்கள். ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன், இப்போது கடையில் இருக்கிறேன்.

#5 இரட்டைக்குழல்

நான் ராஜ்தூத் 350 வைத்திருப்பவன். எங்களுக்கு இந்தத் தலைவலி பாதிதான். இரண்டு சிலிண்டர், இரண்டு காயில், இரண்டு செட் பாயிண்ட், இரண்டு கண்டென்சர். இடது சிலிண்டர் அடங்கினால் காயில்களை இடம் மாற்றி மாட்டுவேன். கோளாறு வலது பக்கம் போனால் காயில் குற்றவாளி. இடதிலேயே நின்றால் காயிலைக் கும்பிட்டு விட்டுவிட்டு கண்டென்சரைப் பிடிப்பேன். ஒற்றை சிலிண்டர்காரர் இதற்கு நண்பனிடம்தான் ஒரு நல்ல காயிலைக் கடன் வாங்க வேண்டும்.

#6 காரைக்குடிக்காரன்

நேற்று வேண்டுமென்றே நிற்கும்வரை ஓட்டினேன். நின்றதும் மாமா சொன்னபடி பார்த்தேன். தீப்பொறி வருகிறது, ஆனால் மெல்லிசாகச் சிவந்து, மூன்று உதைக்கு ஒன்று. ஆறியபின் அதே பிளக்கில் நீலமாகப் பளிச்சென்று வந்தது. காயிலைத் தொட்டுப் பார்த்தேன், தொட்ட விரலை உடனே எடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு சூடு. இன்ஜின் சூடு ஏறுவதால் அப்படி இருக்குமோ?

#7 மீட்டர் மாமா

டேங்க்குக்குக் கீழே இருக்கும் காயில் வெதுவெதுப்பாக இருக்கலாம். விரல் சுடுகிறது என்றால் சூடு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்து வருகிறது.

சரி, அன்று விட்ட பாடம். பாயிண்ட் வைத்த வண்டியில் காயில் என்பது ஒரு குடம். பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து பிரைமரிச் சுற்றில் (காயிலுக்குள் தடித்த கம்பிச் சுற்று) கரண்ட் ஏறிக் காந்தமாகச் சேர்கிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் அந்தக் காந்தப்புலம் சரிகிறது. பிரைமரியிலேயே 200, 300 வோல்ட் எழும்பும். செகண்டரியில் தலைமயிர் போன்ற கம்பி பல ஆயிரம் சுற்று இருப்பதால் அது பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் பெருகி பிளக்கைத் தாண்டுகிறது. கண்டென்சர் எதற்கு? பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே தீப்பொறி குதித்துவிடாமல் அந்த அலையை வாங்கிக்கொள்ளத்தான். 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும்.

சிடிஐ அப்படி வேலை செய்வதில்லை. அதில் சேமிப்பு கெபாசிட்டரில் நடக்கிறது. 200, 300 வோல்ட்டுக்கு ஏற்றிவைத்து ஒரே மூச்சில் காயிலுக்குள் கொட்டுவார்கள். அந்தக் காயில் குடமல்ல, வெறும் புனல். அதன் பிரைமரி பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் கீழே. அரை ஓம் காயிலை உங்கள் 12 வோல்ட் பாயிண்டில் மாட்டினால் கணக்குப்படி 24 ஆம்பியர் இழுக்கும். பாயிண்ட் ஒரு வாரம் தாங்கினால் அதிசயம்.

இப்போது என் கேள்வி. உங்கள் காயிலின் பிரைமரி எத்தனை ஓம்? இரண்டு சின்ன முனையிலும் வயரைக் கழற்றிவிட்டு அளக்கவும். மீட்டரின் இரண்டு குச்சியையும் ஒன்றோடு ஒன்று தொட்டால் என்ன காட்டுகிறதோ அதைக் கழிக்கவும். மலிவு மீட்டர்களில் அதுவே 0.3, 0.4 ஓம் இருக்கும். இந்த அளவில் அது பெரிய பிழை. அப்புறம் ஹெச்.டி. துளைக்கும் ஒரு சின்ன முனைக்கும் இடையே கிலோ ஓமில் அளக்கவும். கேப்பைக் கழற்றிவிடுங்கள், அதற்குள் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கலாம்.

#8 புதுப்பேட்டை பழைய இரும்பு

மாமா சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஓம் சரியாக இருந்தால் காயில் நல்லது என்று யாரும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மீட்டர் கொடுப்பது ஒன்றிரண்டு வோல்ட். காயிலுக்குள் இன்சுலேஷன் தோற்பது பல ஆயிரம் வோல்ட்டில். கடையில் அளந்தால் தங்கம்போலக் காட்டும், ரோட்டில் சூடேறியதும் உள்ளேயே ஒழுகும். நாங்கள் பழைய காயிலைப் பாலித்தீன் உறையில் இறுக்கமாகச் சுற்றி, கை பொறுக்காத வெந்நீரில் கால் மணிநேரம் வைத்துவிட்டு, எடுத்த சூட்டோடு தீப்பொறி பார்ப்போம். அதில் தேறினால்தான் விற்பது. சூட்டில் ஓம் கொஞ்சம் கூடும், அதற்குப் பயப்படாதீர்கள். செம்பின் குணம் அது. 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கூடும். குறைந்தாலோ, மீட்டர் முடிவிலி காட்டினாலோதான் வில்லங்கம்.

#9 ஆர்எக்ஸ் ராசா

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் ஆர்எக்ஸ் 100 வண்டியும் இதே மாதிரி சூடானால் நிற்கிறது. நானும் காயில் ஓம் பார்க்கணுமா?

#10 ஈரோட்டு டூ-ஸ்ட்ரோக்

ராசா, உங்கள் வண்டியில் பாயிண்டும் இல்லை, காயிலுக்குப் பேட்டரி கரண்டும் இல்லை. மேக்னெட்டுக்குள் இருக்கும் சோர்ஸ் காயில்தான் சிடிஐ பெட்டிக்குத் தீனி போடுகிறது. சூட்டில் முதலில் மக்கர் செய்வது பெரும்பாலும் அதுதான், டேங்க் அடியில் இருக்கும் ஹெச்.டி. காயில் இல்லை. தனி இழை போடுங்கள், அங்கே பேசுவோம். இங்கே கலந்தால் இவருக்கும் குழப்பம்.

#11 காரைக்குடிக்காரன்

அளந்துவிட்டேன். குச்சிகள் தொட்டபோது 0.4. பிரைமரி 2.0. ஆக 1.6 ஓம். செகண்டரி 6.9 கிலோ ஓம். உடைந்த மாதிரி தெரியவில்லையே? நல்ல காயில்தானே?

#12 மீட்டர் மாமா

நல்ல காயில்தான், உங்கள் வண்டிக்கு இல்லை.

1.6 ஓம் என்பது 6 வோல்ட் காயிலின் அளவு. 12 வோல்ட் பாயிண்ட் வண்டிக்கு மூன்றிலிருந்து நாலு ஓம் சுமாருக்கு இருக்க வேண்டும். ஒன்று கேட்கிறேன், இந்த வண்டி எப்போதாவது 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாற்றப்பட்டதா?

#13 காரைக்குடிக்காரன்

ஆமாம்! எட்டு மாதத்துக்கு முன்னால். ஹெட்லைட் மின்மினிப்பூச்சி போல எரிகிறது என்று ஒரு பட்டறையில் ஸ்டேட்டர், ரெகுலேட்டர், பேட்டரி, பல்ப், ஹாரன் எல்லாம் 12 வோல்ட்டாக மாற்றினேன். மாற்றிய புதிதில் வண்டி ஒரே கிக்கில் பிடித்தது. இவ்வளவு சுலபமாக எப்போதும் பிடித்ததில்லை என்று அம்மாகூடச் சொன்னார். காயிலைப் பற்றி அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

#14 மீட்டர் மாமா

அந்த ஒரே கிக்கிலேயே துப்பு இருக்கிறது தம்பி. 6 வோல்ட் குடத்தில் இரட்டிப்பு வேகத்தில் தண்ணீர் விட்டால் தீப்பொறி பிரமாதமாகத்தான் வரும், குடம் உருகும் வரை.

கணக்கைப் பாருங்கள். பழைய பேட்டரி 6.3 வோல்ட்: 1.6 ஓமில் சுமார் 3.9 ஆம்பியர், 25 வாட். இப்போது 12.6 வோல்ட்: 7.9 ஆம்பியர், 99 வாட். வோல்டேஜ் இரண்டு மடங்கு, சூடு நாலு மடங்கு. ஓட்டத்தில் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் சுமார் பாதி என்பதால் இதில் பாதி போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சார்ஜாகும்போது 14 வோல்ட் வரை ஏறும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு டப்பாவுக்குள் ஒரு சால்டரிங் அயர்னை எரியவிட்டுத் திருப்பத்தூர் வரை போகிறீர்கள். மாதம் ஒரு பாயிண்ட் கருகுவதும் இதனால்தான். நீங்கள் மாற்றிய கண்டென்சர் பாவம், அதன்மேல் தப்பே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூடத் தேவையில்லை. ஹெட்லைட் தலைப்பில் அம்மீட்டர் இருக்கிறதல்லவா? லைட் எல்லாம் அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். சரியான காயிலானால் சாய்வு மூன்று, நாலு ஆம்பியர்தான். உங்களுடையது எங்கே போகிறது என்று பாருங்கள்.

#15 காரைக்குடிக்காரன்

இப்போதே போய்ப் பார்த்தேன். முள் கிட்டத்தட்ட ஓரத்தில் போய் முட்டுகிறது! எட்டு மாதமாக இது என் கண் முன்னாடியே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைத்தேன்.

#16 சிங்காநல்லூர் எலக்ட்ரானிக்ஸ்

பாயிண்ட் என்ற சமாச்சாரத்தையே தூக்கிப் போடுங்களேன். அந்த இடத்தில் காந்த சென்சார் வைத்த எலக்ட்ரானிக் கிட் கிடைக்கிறது. பாயிண்ட் இடைவெளி வைக்கும் வேலை இல்லை, கருகாது, டைமிங் நகராது. நான் போட்டு மூன்று வருடம், கவர் கழற்றியதே இல்லை.

#17 புதுப்பேட்டை பழைய இரும்பு

கிட் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு நடுரோட்டில் அது படுத்தால் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். பாயிண்ட் என்றால் தீப்பெட்டியின் உரசும் பட்டையைக் கிழித்து நடுவே விட்டு நாலு இழு இழுத்து, ஒரு விசிட்டிங் கார்டால் துடைத்துவிட்டு வீடு போய்ச் சேரலாம். இன்னொன்று, அந்த கிட்களுக்கும் காயில் இத்தனை ஓமுக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. இவர் அந்த 1.6 ஓம் காயிலோடு கிட்டை மாட்டியிருந்தால் கருகியது பாயிண்டாக இருந்திருக்காது, கிட்டாக இருந்திருக்கும்.

#18 சிங்காநல்லூர் எலக்ட்ரானிக்ஸ்

அது நியாயம். காயில் முதலில், கிட் பிறகு. விசிட்டிங் கார்டு காலம் மலையேறிவிட்டது என்பதில் மட்டும் நான் பின்வாங்கப் போவதில்லை.

#19 காரைக்குடிக்காரன்

இப்போது இரண்டு வழி தெரிகிறது. 12 வோல்ட் காயில் வாங்குவது, இல்லை இதே காயிலோடு தொடராக ஒரு ரெசிஸ்டர் போடுவது. ஒரு நண்பர், கார்களில் அப்படிச் செய்வார்கள் என்கிறார். அம்பாசடர் காயில் போடலாம் என்றும் இன்னொருவர். அதோடு, இந்தக் காயிலை ரீவைண்டிங் கடையில் கொடுத்துச் சுற்ற முடியுமா? அப்பா காலத்துப் பொருள், அதனால் கேட்கிறேன்.

#20 மீட்டர் மாமா

ரெசிஸ்டர் வழி சரியானதே. 1.6 ஓம் காயிலோடு 1.5 ஓம் பலாஸ்ட் (தொடராகப் போடும் ரெசிஸ்டர்) போட்டால் மொத்தம் மூன்று சொச்சம், கரண்ட் நாலு ஆம்பியருக்கு வந்துவிடும். ஆனால் அந்த ரெசிஸ்டரே இருபது வாட்டுக்கு மேல் சூடு கக்கும். டேங்க் அடியில், பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில் அதை எங்கே வைப்பீர்கள்? தவிர, எட்டு மாதம் வறுபட்ட காயிலுக்கு முட்டுக்கொடுத்து என்ன பயன்? புதிது வாங்குங்கள்.

அம்பாசடர் வகை எண்ணெய்க் காயில் 12 வோல்ட், மூன்று ஓம் சுமார் என்றால் மின்கணக்குப்படி ஓடும். எத்தனையோ புல்லட்டில் ஓடியிருக்கிறது. பருமன்தான் இடைஞ்சல், அதிர்வில் கிளாம்ப் தளர்ந்தால் மடிப்பில் எண்ணெய் கசியும். கார் காயிலிலும் பலாஸ்ட்டோடு ஓட வேண்டிய ரகம் உண்டு, அதுவும் ஒன்றரை ஓம்தான். அதை வாங்கிவந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவீர்கள். கடையில் பெட்டியைத் திறந்து ஓம் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

ரீவைண்டிங் கேட்டீர்கள். மோட்டார் சுற்றுவதுபோல அல்ல இது. செகண்டரிக் கம்பி கையில் எடுத்தால் அறுந்துபோகும் மெல்லிசு. அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்து, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் எண்ணெயோ ரெசினோ ஊற்ற வேண்டும். ஒரு குமிழ் இருந்தால் போதும், அங்கேதான் முதலில் ஓட்டை விழும். செலவு புதுக் காயிலைவிட அதிகம் ஆகும். காயிலில் ரிப்பேர் என்று செய்யக்கூடியது வெளிவேலைதான். ஹெச்.டி. வயர் நுனி பச்சை பூத்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திருகுவது, தளர்ந்த முனையை இறுக்குவது, அவ்வளவே.

#21 புதுப்பேட்டை பழைய இரும்பு

வயர் பற்றி ஒரு வார்த்தை. புதுக் காயில் போட்டதும் சாவிச் சுவிட்சையும் மறக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் பேட்டரியில் 12.6 இருந்தால் காயில் முனையில் 12-க்கு மேல் இருக்க வேண்டும். 10 காட்டினால் சுவிட்சுக்குள் துரு தின்கிறது. எட்டு ஆம்பியர் ஓடிய சுவிட்ச், சந்தேகப்படுவதில் தப்பில்லை.

#22 காரைக்குடிக்காரன்

வேலை முடிந்தது. மதுரையில் மூன்றாவது கடையில்தான் மீட்டர் வைத்துப் பார்க்க விட்டார்கள். முதல் இரண்டிலும் "புல்லட் காயில்னா புல்லட் காயில்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாங்கியது 3.3 ஓம். புது பாயிண்ட் போட்டு ஃபீலர் கேஜில் இடைவெளி 0.38 மில்லிமீட்டர் வைத்தேன். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் அதையும் பார்த்தாயிற்று. காயில் முனையில் 12.3 வோல்ட். அம்மீட்டர் முள் நாலுக்குக் கொஞ்சம் உள்ளே நிற்கிறது.

நேற்று மேலூர் வரை போய்த் திரும்பினேன், நிற்கவில்லை. காயில் வெறும் வெதுவெதுப்பு. ஒரே குறை, மேலூர் பாலத்தில் மூன்றாவது கியரில் நன்றாகத் திருகினால் லேசாக ஒரு தடுமாற்றம். முன்னே அது இல்லை.

#23 மீட்டர் மாமா

காயிலில் எந்த வயர் எங்கே போகிறது? பிளஸ், மைனஸ் குறி இருக்கிறதா? மைனஸ் எர்த் வண்டியில் (பேட்டரியின் மைனஸ் பாடியோடு சேர்ந்தது) சாவியிலிருந்து வருவது பிளஸ்ஸுக்கு, பாயிண்டுக்குப் போவது மைனஸுக்கு. மாற்றிப் போட்டாலும் வண்டி ஓடும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. பிளக்கின் நடுமுனை சூடாக இருப்பதால் எலக்ட்ரான் அங்கிருந்து சுலபமாகக் கிளம்பும். போலாரிட்டி தலைகீழானால் எதிர்ப்பக்கத்து ஆறிய முனையிலிருந்து கிளம்ப வேண்டும், கூடுதல் வோல்டேஜ் கேட்கும். பாரம் ஏறும்போது தடுமாற்றமாகத் தெரிவது அதுதான்.

சோதனை சுலபம். பிளக்கை ஹெட்டில் தொட்டபடி வைத்து, கேப்பை சற்றே விலக்கிப் பிடித்து, நடுவில் பென்சிலின் கூர்முனையைக் காட்டி ஒருவரை உதைக்கச் சொல்லுங்கள். கையுறை போட்டு, மரப்பகுதியைப் பிடித்துச் செய்யவும், இல்லாவிட்டால் தீப்பொறி உங்களைச் சோதித்துவிடும். பென்சிலிலிருந்து பிளக் பக்கமாகத் தீப்பொறி விரிந்து சுடர்விட்டால் சரி. கேப் பக்கமாக விரிந்தால் வயரை மாற்றுங்கள்.

#24 காரைக்குடிக்காரன்

கேப் பக்கம்தான் விரிந்தது. நான்தான் மாற்றிப் போட்டிருக்கிறேன். பழைய காயிலில் எந்த முனையில் எந்த வயர் என்று குறிக்காமலேயே கழற்றியதன் பலன். வயர் மாற்றியபின் அதே பாலம், அதே மூன்றாவது கியர், தடுமாற்றம் போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக்கிடம் முள்ளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை அமுக்கு தம்பி" என்றார்.

#25 செங்கல்பட்டு ஆறுவோல்ட்

தாமதமாக வருகிறேன். என் புல்லட் இன்னும் 6 வோல்ட்தான், மாற்றும் எண்ணமும் இல்லை. உங்கள் பழைய 1.6 ஓம் காயில் சும்மா கிடந்தால் எனக்குத் தருவீர்களா? கூரியர் செலவு என்னுடையது. 6 வோல்ட் காயில் தேடி அலுத்துவிட்டேன்.

#26 காரைக்குடிக்காரன்

தாராளமாகத் தருகிறேன் சார். ஆனால் எட்டு மாதம் வறுபட்டது என்று மாமா சொன்னதைப் படித்தீர்களா?

#27 புதுப்பேட்டை பழைய இரும்பு

முதலில் வெந்நீர் வைத்தியம். தேறினால் அனுப்புங்கள், தேறாவிட்டால் அலமாரியில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

#28 காரைக்குடிக்காரன்

பார்த்தேன். செங்கல்பட்டு சார், மன்னிக்கவும். சூடாக எடுத்ததும் இரண்டு தீப்பொறி, அதோடு சரி.